மங்கலாக விழுந்த எழுத்து

போன தை மாதம் வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது பழைய டைப்ரைட்டிங் தாள் ஒன்று கிடைத்தது. லோயர் பரீட்சைக்குப் பழகிய காலத்துத் தாள். ஆங்கில எழுத்து 26உம் வருகிற மாதிரி அமைத்த, சோம்பேறி நாயைத் தாண்டிக் குதிக்கும் பழுப்பு நரியைப் பற்றிய அந்த வாக்கியம், ஒன்றன்கீழ் ஒன்றாக 14 வரி. நடுநடுவே மாஸ்டரின் சிவப்புப் பேனா. சின்ன வட்டங்கள் எட்டு. ஒன்பதாவதை வட்டம் என்று சொல்ல முடியாது; மேல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரைக்கும் புடலங்காய் மாதிரி நீண்டு தொங்குகிற வளையம். அதைப் பிறகு சொல்கிறேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளை மூக்குக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். எட்டு வட்டங்களுக்குள் இருக்கும் எழுத்துகளில் ஆறு, அக்கம்பக்கத்து எழுத்துகளைவிட மங்கலாக இருந்தன. ரிப்பன் தேய்ந்ததால் என்று சொல்ல முடியாது. முன்னும் பின்னும் உள்ளவை நல்ல கறுப்பு. சுண்டுவிரல் பங்குக்கு வந்த ‘ஏ’ எப்போதுமே சோகை பிடித்ததுதான், அப்படி இரண்டு. அவற்றைக் கழித்தாலும் நாலு மிஞ்சுகிறது. ஒரு வரியில் ‘வி’ விழ வேண்டிய இடத்தில் ‘பி’ விழுந்திருக்கிறது. இரண்டுக்கும் போக வேண்டியது ஒரே ஆள்காட்டி விரல். அதே விரல் அடித்த ‘ஆர்’ அதே சொல்லின் கடைசியில் கன்னங்கரேலென்று நிற்கிறது. ‘பி’ மட்டும் நிழல் மாதிரி.

கையால் அடிக்கிற மெஷினில் எழுத்தின் கருமை என்பது விரலின் பலம். அப்படியென்றால் தப்பான கீயை நோக்கி இறங்கிய விரல் பாதி வழியிலேயே சந்தேகப்பட்டிருக்கிறது. திரும்பி வர நேரம் போதவில்லை. ஆனாலும் மனம் ஒப்பி அடிக்கவில்லை.

இதை நான் கண்டுபிடித்ததாகப் பீற்றிக்கொள்ள வழியில்லை. பாட்ரிக் ராபிட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1978இலேயே எழுதிவிட்டார்: கைதேர்ந்த தட்டச்சர்கள் பிழையான கீயை அழுத்தம் குறைவாகத்தான் அடிக்கிறார்கள். அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பு, 1966இல், அவரே கவனித்த இன்னொன்றும் உண்டு. பிழை செய்தவர், யாரும் சுட்டிக்காட்டாமலே, அடுத்த காரியத்தை ஒரு நூல் தாமதித்துச் செய்கிறார்.

எங்கள் மாஸ்டருக்கு இது தெரியும், படித்துத் தெரிந்ததில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி, அதில் பதினைந்து மெஷின். ஆறு மணி பேட்ச்சில் அத்தனையும் ஒரே நேரத்தில் அடிக்கும்போது தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை பெய்கிற சத்தம். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஃபீஸ் ரசீது எழுதிக்கொண்டிருப்பார். திடீரென்று, தலையைத் திருப்பாமல், “மூணாவது மெஷின், என்ன தம்பி விழுந்துச்சு?” என்பார். மூணாவது மெஷின் நான்தான். தப்பின் சத்தத்துக்கும் சரியின் சத்தத்துக்கும் அந்த இரைச்சலில் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? தப்புக்குப் பிறகு வருகிற சின்ன மௌனம்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது.

அந்த மௌனத்துக்குள் என்ன நடக்கிறது என்பது 1990களின் தொடக்கத்தில்தான் பிடிபட்டது. ஜெர்மனியின் டார்ட்மண்டில் மைக்கேல் ஃபால்கன்ஸ்டைனின் குழுவும், அமெரிக்காவில் வில்லியம் கேரிங்கின் குழுவும் தனித்தனியாகப் போய் ஒரே இடத்தில் முட்டின. தலையில் மின்முனைகளைப் பொருத்திக்கொண்டவரிடம் சலிப்பூட்டும் வேலை ஒன்றைக் கொடுக்கிறார்கள். திரையில் சில எழுத்துகள் வரிசையாக வரும். நடுவில் இருப்பது எது என்று பார்த்து இடது கையையோ வலது கையையோ அசைக்க வேண்டும், வேகமாக. வேகம் என்று வந்துவிட்டால் கை தவறாமல் இருக்குமா? தவறிய ஒவ்வொரு முறையும், தவறிய கணத்திலிருந்து 100 மில்லி விநாடிக்குள், நெற்றிக்கும் உச்சந்தலைக்கும் நடுவே எதிர்மின் அலை ஒன்று எழுந்து அடங்கியது. அதன் அளவு சில மைக்ரோவோல்ட். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் துண்டாக்கினால் அதில் சில துண்டுகள். அதன் ஊற்றுக்கண் மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று பார்க்கும் உட்சுவரில், முன் சிங்குலேட் எனும் பகுதியை ஒட்டியது என்று கருதுகிறார்கள். இத்தனைக்கும் ‘தப்பு’ என்று யாரும் சொல்லவில்லை, திரையில் சிவப்பு விளக்கு எதுவும் எரியவில்லை. (குடித்திருப்பவர்களிடம் இந்த அலை தணிந்துபோகிறது என்று 2002இல் வந்த ஆய்வு சொல்கிறது. நம் ஊரில் இதற்கு ஆய்வு தேவைப்பட்டிருக்காது.)

ஹானோவரில் பியானோ கலைஞர்களை வைத்துப் பார்த்தபோது விஷயம் இன்னும் விநோதமானது. மரியா ஹெர்ரோஹோ ரூயிஸும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட அந்த ஆய்வில், தப்பான கட்டை விழுவதற்குக் கிட்டத்தட்ட 70 மில்லி விநாடி முன்பே மூளை சலனப்படுகிறது. அந்தக் கட்டையும் மற்றவற்றைவிட மென்மையாகவே ஒலிக்கிறது. என் ‘பி’யேதான், ஊரும் வாத்தியமும் வேறு.

மூளைக்கு இது எப்படி அத்தனை சீக்கிரம் தெரிகிறது? பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் நம் பழைய தாசில்தார் ஆபீஸ் நடைமுறையைப் போன்றது. கைக்கு உத்தரவு போகும்போது ஒரு நகல் உள்ளேயே தங்குகிறது. நடக்க வேண்டியது எது, நடந்துகொண்டிருப்பது எது என்று நகலை வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தவில்லையென்றால் மணி அடிக்கிறது. கண் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும் வரை காத்திருப்பதில்லை.

நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கோர்டன் லோகனும் மாத்யூ கிரம்பும் தட்டச்சர்களிடம் ஒரு குறும்பு செய்தார்கள். 2010இல் வெளிவந்தது. தட்டச்சர் தப்பாக அடித்த சொல்லைச் சில சமயம் கணினி சத்தமில்லாமல் திருத்திக் காட்டும். சரியாக அடித்ததைச் சில சமயம் தப்பாக்கிக் காட்டும். பிறகு ‘சரியாக அடித்தீர்களா?’ என்று கேட்டால், திரை காட்டியதையே தங்கள் செயலாக ஒப்புக்கொண்டார்கள். கணினி செய்த தப்புக்குப் பழி ஏற்றார்கள். கணினி செய்த திருத்தத்துக்குப் பெருமை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் விரல்களை ஏமாற்ற முடியவில்லை. நிஜமாகத் தப்பு செய்த இடத்தில் மட்டும், திரை என்ன காட்டினாலும், விரல்கள் தயங்கின. கணினி நுழைத்த தப்புக்கு அவை அசைந்துகொடுக்கவில்லை. இன்னொரு சுற்றில் ‘கணினி கைவைக்கக்கூடும்’ என்று சொல்லியே கேட்டார்கள். நுழைக்கப்பட்ட தப்பை ‘இது என்னுடையதில்லை’ என்று தள்ளிவிடப் பலருக்கு முடிந்தது. தங்களுக்குச் சேராத பெருமையைத் திருப்பிக் கொடுக்கத்தான் முடியவில்லை. நான் இந்தக் கட்டுரையைத் தட்டிக்கொண்டிருக்கும் கைபேசியும் அதே குறும்பைத்தான் செய்கிறது. அதில் நான் பிழையே செய்வதில்லை.

ஒரே தலைக்குள் இரண்டு பேர் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒருவர் கைக்குக் கணக்கு வைப்பவர், இன்னொருவர் ‘நான்’ என்று சொல்லிக்கொள்பவர். மின்னலை ஆய்விலும் இந்தப் பிரிவு தெரிகிறது. முதல் அலைக்குப் பிறகு, 200இலிருந்து 400 மில்லி விநாடி வாக்கில், இன்னொரு அலை வரும்; இது நேர்மின். ஆம்ஸ்டர்டாமில் சாண்டர் நியூவன்ஹவுஸ் 2001இல் கண்களின் தவறுதலை வைத்துச் சோதித்தார். புள்ளி தோன்றும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பார்க்கச் சொன்னால் கண் ஒரு கணம் புள்ளியின் பக்கமே தாவிவிடும். தாவியதைப் பல நேரம் ஆளே உணர்வதில்லை. உணர்ந்தாலும் உணராவிட்டாலும் முதல் அலை வருகிறது. இரண்டாவது, உணர்ந்தால் மட்டும். முதலாவதில் வெட்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வெட்கப்பட ஓர் ஆள் வேண்டுமே. ஆள் வருவதற்குள் அந்த அலை முடிந்துவிடுகிறது.

தமிழ் இந்த இடத்தில் விசித்திரமாக நடந்துகொள்கிறது. பிழை என்றால் குற்றம். பிழைத்தான் என்றால் உயிரோடு மீண்டான். தப்பு என்றால் குற்றம். தப்பினான் என்றாலும் உயிரோடு மீண்டான். தவறு என்றாலும் குற்றம்தான். ஆனால் தவறிவிட்டார் என்று ஊரிலிருந்து போன் வந்தால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். மூன்று சொல்லும் ஏதோ ஒரு குறியிலிருந்து விலகிப்போவதைத்தான் சொல்கின்றன. சாவு குறி வைத்து விலகினால் பிழைப்பு, நாம் குறி வைத்து விலகினால் பிழை. சொல்லாராய்ச்சிக்காரர்கள் சண்டைக்கு வரலாம். எனக்கு இந்தக் குறி முக்கியம். குறி என்ற ஒன்று முன்கூட்டியே இருந்தால்தான் விலகல் என்ற ஒன்று இருக்க முடியும். விரலின் மணியும் அப்படித்தான்.

குறி எங்கே என்று தெரியாத வேலையில் என்ன ஆகும்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1997இல் வொல்ஃப்காங் மில்ட்னரும் கூட்டாளிகளும் ஒரு விநாடி ஆயிற்று என்று தோன்றும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கடிகாரம் கிடையாது. சரியா தப்பா என்று வெளியிலிருந்து சொன்னால்தான் உண்டு. தப்பு என்று சொன்ன பிறகு கால் விநாடி கழித்து, அதே சாயலில் ஓர் எதிர்மின் அலை. வெளியிலிருந்து வரும் ‘தப்பு’க்கும் உள்ளிருந்து வரும் ‘தப்பு’க்கும் மூளையில் சொந்தம் உண்டு என்பதற்கு இது முதல் அடையாளங்களில் ஒன்று.

சொந்தம் எங்கே கூடுகிறது? வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துக் கண்டதில் ஒரு பதில் இருக்கிறது. எதிர்பாராமல் சாறு கிடைத்தால் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் குதிக்கின்றன. எதிர்பார்த்தபடியே கிடைத்தால் சும்மா இருக்கின்றன. எதிர்பார்த்து, வரவில்லையென்றால் சரியாக அந்தக் கணத்தில் அடங்கிப்போகின்றன. ஆக, அந்த அணுக்கள் கணக்கிடுவது எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. டோபமைன் இப்படித் தாழும்போது அந்தச் செய்திதான் முன் சிங்குலேட் பகுதிக்குப் போய் அலையாகிறது என்று கிளே ஹால்ராய்டும் மைக்கேல் கோல்ஸும் 2002இல் ஒரு கோட்பாடு வைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து மைக்கேல் ஃபிராங்க் பார்க்கின்சன் நோயாளிகளிடம் ஜப்பானிய எழுத்து ஜோடிகளைக் காட்டி, சரி தப்பு சொல்லிப் பழக்கினார். டோபமைனைக் கூட்டும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ‘சரி’யிலிருந்து நன்றாகக் கற்றார்கள். மருந்தை நிறுத்தியிருந்தவர்கள் ‘தப்பி’லிருந்து நன்றாகக் கற்றார்கள். திட்டினால் திருந்துகிறவன், பாராட்டினால் திருந்துகிறவன் என்று மனிதர்களைப் பிரித்துப் பேசுகிறோம். காலை மாத்திரையில் மாறிவிடக்கூடிய சமாசாரம் போலிருக்கிறது அது.

வித்தியாசம்தான் கணக்கு என்றால், தினமும் விழுகிற திட்டுக்கு என்ன மதிப்பு? எதிர்பார்த்த திட்டு, எதிர்பார்த்த சாறு மாதிரி. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் விம் நோட்டபார்ட் 2009இல் காட்டியது இதைவிடக் கூர்மையானது. பெரும்பாலும் தப்பே வரும்படி வேலையைக் கடினமாக்கிவிட்டால், ஆட்கள் தப்புக்குப் பிறகு தயங்குவதில்லை. எப்போதாவது வரும் சரிக்குப் பிறகு தயங்குகிறார்கள். நாம் குற்ற உணர்வு என்று நினைத்த தயக்கத்தில் பெரும்பகுதி ஆச்சரியம். எங்கள் பேட்ச்சில் ஒரு பையன் இருந்தான். வீட்டில், பள்ளியில், இங்கே என்று மூன்று இடத்திலும் அவனுக்குத் தப்பு மட்டுமே சொல்லப்பட்டது. ஒருநாள் பக்கம் முழுதும் வட்டமே விழவில்லை. மாஸ்டர் தாளைத் திருப்பிக் கொடுத்ததும், அவன் அதை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றுகொண்டிருந்தான். இன்னும் ஏதோ சொல்வார் என்று.

அடியாத மாடு படியாது என்று நம்புகிறவர்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அவர்கள் கண்ணால் கண்டது அது. டேனியல் கானமன் இஸ்ரேல் விமானப்படையின் பயிற்சி ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்தபோது, தண்டனையைவிடப் பாராட்டே பலன் தரும் என்றார். அனுபவசாலி ஒருவர் எழுந்து மறுத்தார். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறான், மோசமாக ஓட்டியவனைக் கத்தினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான், இதுதான் நாங்கள் பார்ப்பது என்றார். கானமன் தரையில் சாக்பீஸால் ஒரு குறி வரைந்து, ஒவ்வொருவரையும் குறிக்கு முதுகைக் காட்டி நின்று இரண்டு நாணயம் எறியச் சொன்னார். முதல் நாணயம் குறிக்குப் பக்கத்தில் விழுந்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது தள்ளி விழுந்தது. தள்ளி விழுந்தவர்களுக்குக் கிட்டே வந்தது. யாரும் யாரையும் பாராட்டவுமில்லை, கத்தவுமில்லை. மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள் எப்படியும் கொஞ்சம் பரவாயில்லாமல்தான் இருக்கும். அந்தப் பரவாயில்லாமைக்கான பெருமையைப் பிரம்பு எடுத்துக்கொள்கிறது. திரை திருத்தியதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்ட தட்டச்சரைப் போலத்தான்.

பின்னூட்டம் என்று அழகாக ஒரு சொல்லைச் செய்துவைத்திருக்கிறோம். ஊட்டுவது என்றால் சோறாகவும் இருக்கலாம், வேப்பெண்ணெயாகவும் இருக்கலாம். அவ்ரகாம் குளூகரும் ஏஞ்சலோ டெனிசியும் 1996இல் அதுவரையிலான ஆய்வு முடிவுகள் 607ஐத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாகப் பின்னூட்டம் உதவுகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில், சொன்ன பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. கவனம் வேலையை விட்டு ‘நான் யார்’ என்ற விசாரணைக்குப் போய்விட்டால் காரியம் கெடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். லாரன் எஸ்க்ரைஸ்-விங்க்லரும் அயலெட் ஃபிஷ்பாக்கும் 2019இல் வைத்த கேள்விகளுக்கு விடை இரண்டே இரண்டு. ‘தப்பு’ என்று சொன்னாலே மற்றது சரி என்று தெரிந்துவிடும். இருந்தும், ‘சரி’ என்று கேட்டவர்களைவிட ‘தப்பு’ என்று கேட்டவர்கள் குறைவாகவே கற்றார்கள். அடுத்தவர் செய்த தப்பைப் பார்த்தவர்களோ நன்றாகவே கற்றார்கள். நான் இருபது வருஷம் சிறுபத்திரிகைகளுக்கு மெய்ப்பு பார்த்திருக்கிறேன்; இதை நம்ப எனக்கு எந்த ஆய்வும் தேவையில்லை. பிறர் கட்டுரையில் சந்திப்பிழை ஒன்று மூன்று பக்கம் தள்ளியிருந்தாலும் கண்ணில் குத்தும். என் கட்டுரையில் ஒருவர் சுட்டிக்காட்டினால், முதலில் அவருடைய கடிதத்தில் ஒற்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இப்போது அந்தப் புடலங்காய்.

14 வரியிலும் ஒரே இடம். ஒரே சொல் 14 முறையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்கோட்டில் வந்திருப்பதால் ஒரே வளையத்துக்குள் அடக்கிவிட்டார். ‘ஜம்ப்ஸ்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ஜம்ப்ட்’. நரி குதிக்கவில்லை, குதித்து முடித்துவிட்டது. உற்றுப் பார்த்தேன். அந்த ‘இ’யும் ‘டி’யும் 14 வரியிலும் அச்சுக்கோத்த மாதிரி கறுப்பு. ஒன்றில்கூட மங்கல் இல்லை. விரலுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. வருவதற்கு வழியும் இல்லை. உத்தரவே அப்படித்தான் போயிருக்கிறது. நகலும் உத்தரவும் இழை பிசகாமல் பொருந்தியிருக்கின்றன. உள்ளே மணி அடிக்க ஒன்றுமில்லை. மூளையின் அந்த வேகமான காவல்காரர் பிடிப்பதெல்லாம் நினைத்ததற்கும் செய்ததற்கும் நடுவிலுள்ள இடைவெளியைத்தான். நினைத்ததே பிழை என்றால் அவர் சல்யூட் அடித்து வழிவிடுகிறார்.

ஓரத்தில் மாஸ்டர் சிறிய எழுத்தில் கேட்டிருக்கிறார்: ‘எஸ் எங்கே?’

அன்றைக்கு நான் வாதாடியது நினைவிருக்கிறது. இறந்த காலம் இலக்கணப்படி சரிதானே மாஸ்டர் என்றேன். பள்ளியில் ஆங்கிலத்தில் முதல் மார்க் வாங்குகிற திமிர். அவர் கோபப்படவில்லை. “கிராமர் சரிதான் தம்பி. 26 எழுத்தும் கைக்குப் பழகத்தானே இந்த வரி? இதுல எஸ் வர்றது அந்த ஒரு இடம். அதையும் நீ எடுத்துட்டா மோதிரவிரல் எப்பப் பழகும்?” காது சூடானது. பக்கத்து மெஷின்காரன் சிரித்தது இன்னும் கேட்கிறது. ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சொல்லை ஒருமுறைகூட மாற்றி அடித்ததில்லை. உறுதியாக நம்பிச் செய்த பிழைதான், திருத்தப்பட்டால் நன்றாக நிலைக்கிறது என்று ஜேனட் மெட்காஃப் பின்னாளில் கண்டார். அரைகுறையாக யூகித்த பிழையைவிட, சத்தியம் செய்யத் தயாராக இருந்த பிழை. அங்கே வித்தியாசம் பெரிது. காது சூடாவதும் சேர்த்தி.

மாஸ்டர் அதே தாளை மறுபடி உருளையில் செருகச் சொன்னார். பதினைந்தாவது வரி ஒன்று கீழே தனியாக, கொஞ்சம் கோணலாக இருக்கிறது. பிழையே இல்லை. ‘பிரௌன்’ என்ற சொல்லில் மோதிரவிரல் அடித்த ‘டபிள்யூ’ கறுப்பாக விழுந்திருக்கிறது. அடுத்த சொல் நரி, அதை அடுத்து அந்தச் சொல். அதே மோதிரவிரல் அடித்த ‘எஸ்’ மட்டும், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிற அளவுக்கு, மங்கல்.